நகரச் சாலையில் எவ்வளவு வேகம்? புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

உரிமம் கைக்கு வந்த முதல் மாதம் யாரும் வேகமாக ஓட்டுவதில்லை. பயமே காலைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சும் கியரும் பழகி, பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்று தனியாக நினைத்துக்கொள்ளத் தேவையில்லாத மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் ஸ்பீடோமீட்டர் முள் சத்தமில்லாமல் 50-ஐத் தாண்டி 60, 65 என்று போய் நிற்கும். அப்போது சாலை அகலமாகத் தெரியும். முன்னால் போகிறவர்கள் எல்லோரும் ஊர்வது போலத் தெரியும். நகரத்துக்குள் அதிவேகம் என்றால் 120-இல் பறப்பது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 35-இல் போக வேண்டிய இடத்தில் 55-இல் போவதுதான் அன்றாடம் நடக்கும் அதிவேகம். அதைச் செய்கிறவருக்கு அது வேகமாகவே தோன்றாது.

இந்தக் கட்டுரை காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இருசக்கர வண்டிக்கு எங்கெங்கே மாறுகிறது என்பது பின்னால் தனியாக இருக்கிறது.

முதல் படி: வேகத்தை மீட்டரில் யோசியுங்கள்

‘மணிக்கு 50 கிலோமீட்டர்’ என்பது ஓட்டும்போது உதவாத எண். ஒரு மணி நேரத்தில் எங்கே இருப்போம் என்பதா நமக்குக் கவலை? அடுத்த ஒரு விநாடியில் எங்கே இருப்போம் என்பதுதான். வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். ஓட்டிக்கொண்டே வகுக்க முடியாது. அதனால் குறுக்கு வழி: பத்தால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். 50 என்றால் 15 மீட்டர். உண்மையான கணக்கு 13.9 தான். கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது நல்லதுதான்.

வண்டி நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் இரண்டு துண்டு. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி அதே வேகத்தில் ஓடும் தூரம் முதல் துண்டு. பிரேக் பிடித்த பிறகு நிற்கும்வரை ஓடும் தூரம் இரண்டாவது. விழிப்பாக இருப்பவருக்கு முதல் துண்டுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, பிரேக்கை முழுதாக மிதிக்கிறீர்கள். அப்போது கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

30 கி.மீ. வேகத்தில் 8 + 5 = 13 மீட்டர்
40-இல் 11 + 9 = 20 மீட்டர்
50-இல் 14 + 14 = 28 மீட்டர்
60-இல் 17 + 20 = 37 மீட்டர்
70-இல் 19 + 27 = 46 மீட்டர்

முதல் எண் வேகத்தோடு சீராக ஏறுகிறது. இரண்டாவது எண் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதனால்தான் 30-லிருந்து 60-க்குப் போனால் பிரேக் தூரம் இரண்டு மடங்கு ஆகாமல் நான்கு மடங்கு ஆகிறது. போன் திரையைப் பார்த்தோ, பேச்சு சுவாரஸ்யத்திலோ கவனம் இரண்டு விநாடி போனால், 50-இல் 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மேலே சொன்ன தூரமெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இனி இதை ஒரு காட்சியாகப் பாருங்கள். சாலையோரம் ஒரு வேன் நிற்கிறது. 28 மீட்டர் முன்னால், வேனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சாலையில் கால் வைக்கிறார். நீங்கள் 50-இல் வருகிறீர்கள். பம்பர் அவர் முழங்காலை உரசாத குறையாக வண்டி நின்றுவிடும். இருவரும் முறைத்துக்கொண்டு போய்விடலாம். அதே இடத்தில், அதே கவனத்தோடு, 60-இல் வந்திருந்தால்? அவர் நிற்கும் இடத்துக்கு வரும்போது வண்டி இன்னும் 40 கி.மீ. வேகத்தில் இருக்கும். வெறும் 10 கூடியிருக்கிறது, ஆனால் மோதும் வேகம் பூஜ்ஜியத்திலிருந்து 40-க்குப் போய்விட்டது. அவர் கால் வைத்த இடம் 13 மீட்டர் தூரத்தில் என்றால் இன்னும் மோசம்: 30-இல் வருகிறவர் நிறுத்திவிடுவார்; 50-இல் வருகிறவரின் கால் பிரேக்கைத் தொட்டுக்கூட இருக்காது, முழு வேகத்தில் மோதுவார்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கு இங்கே பொருந்தும்: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு நேரும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. காரின் முன்பகுதி மோதி நடந்துபோகிறவர் இறக்கும் அபாயம் 50-லிருந்து 65-க்கு வரும்போது நாலரை மடங்காகிறது. பாரிஸ் 2021 ஆகஸ்டில் நகரின் பெரும்பாலான தெருக்களில் 30-ஐ வரம்பாக்கியது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் அதை 1992-லேயே செய்துவிட்டது. 30 என்ற எண் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதல்ல.

இரண்டாம் படி: வண்டி எடுக்கும் முன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் தவிர்க்க முடியாது. டயர் காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே ஈரச் சாலையில் பிடிப்பு குறையத் தொடங்கிவிடும்.

சீட்டைச் சரிசெய்யும்போது புதியவர்கள் பெரும்பாலும் கிளட்சை மட்டும்தான் பார்ப்பார்கள். பிரேக்கைத் தரை வரை மிதித்துப் பாருங்கள்: அப்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் அவசரத்தில் முழு பலம் இறங்காது. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். தண்ணீர் பாட்டிலும் கழற்றிப் போட்ட செருப்பும் கால்மாட்டில் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு பாட்டில் போதும்.

மூன்றாம் படி: முழு பிரேக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிப் பள்ளியில் மெதுவாக, குலுங்காமல் நிறுத்தத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது சரிதான், அன்றாடத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் பலர் பல வருடம் ஓட்டியும் பிரேக்கை ஒருமுறைகூட முழுதாக மிதித்திருக்க மாட்டார்கள். முதல் தடவை மிதிக்கும் நாள் ஏற்கெனவே ஆபத்தான நாளாக இருக்கும். அதனால் முன்கூட்டியே பழகிவிடுங்கள்.

காலியான, நேரான, காய்ந்த, மணல் இல்லாத ஓர் இடம் வேண்டும். பின்னால் யாரும் வரக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சீட் பெல்ட் போட்டு, பின்சீட்டில் எதுவும் பறக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலில் 30-இல் வந்து, குறித்த இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்து, வண்டி முழுதாக நிற்கும்வரை காலை எடுக்காமல் இருங்கள். கிளட்சை அதற்குக் கொஞ்சம் பின்னால் மிதித்தால் போதும். இன்ஜின் நின்றாலும் பரவாயில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் கடகடவென்று காலைத் திருப்பி உதைக்கும், கீழே அரைக்கிற மாதிரி சத்தம் வரும். இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்கிறார்கள்: ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தளர்த்துகிறார்கள். அந்த உதை வந்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். மிதித்தபடியே இருங்கள், ஸ்டீயரிங்கையும் திருப்ப முடியும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் கேட்காது. அப்போது ஒரு கணம் காலைத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும்.

பிறகு 40-இல் செய்யுங்கள். இரண்டு தடவையும் நின்ற இடத்தைக் கல்லால் குறித்து, நடந்து அளந்து பாருங்கள். 30-க்கும் 40-க்கும் இடையில் எத்தனை அடி எடுத்து வைக்கிறீர்கள் என்பது மேலே உள்ள அட்டவணையைவிட நன்றாக மனத்தில் பதியும்.

நான்காம் படி: வேகம் திருட்டுத்தனமாக ஏறும் இடங்கள்

கண்ணும் காதும் சொல்லும் வேகத்தை நம்பக் கூடாது. வேகத்தை மூளை நேரடியாக அளப்பதில்லை. பக்கத்தில் ஓடும் பொருள்களையும் காற்றுச் சத்தத்தையும் அதிர்வையும் வைத்து ஊகிக்கிறது. சாலை அகலமாக, ஓரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் 60 கூட 40 போலிருக்கும். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்தால் காது கொடுத்த தகவலும் போயிற்று. மின்சாரக் காரில் இன்ஜின் சத்தமும் இல்லை, கியர் மாற்றும் தடங்கலும் இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பாய்கிறது. பெட்ரோல் காரில் பழகி அதற்கு மாறுபவர்கள் முதல் சில வாரம் முள்ளைக் கூடுதலாகவே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது விரைவுச் சாலையிலிருந்து இறங்கி வரும் முதல் ஐந்து நிமிடம். அரை மணி நேரம் 100-இல் வந்த கண்ணுக்கு 60 என்பது நடப்பது மாதிரி. ‘போதுமான அளவு குறைத்துவிட்டோம்’ என்று மனம் சொல்லும் இடத்தில் முள்ளைப் பார்த்தால் 65 இருக்கும். மேம்பாலத்திலிருந்து இறங்குவதும் இப்படித்தான். சரிவு தானாகவே பத்துப் பன்னிரண்டு கூட்டிவிடும், கீழே சிக்னல் காத்திருக்கும்.

வேகம் என்பதே பழக்கத்தைப் பொறுத்தது. 1899-இல் நியூயார்க் நகரில் ஜேக்கப் ஜெர்மன் என்ற டாக்ஸி ஓட்டுநரை அதிவேகத்துக்காகக் கைது செய்தார்கள். அவர் போன வேகம் மணிக்கு 12 மைல், அதாவது 19 கி.மீ. பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில்.

இதற்கு என்ன செய்வது? முள்ளைப் பார்ப்பதை ஓர் இடத்தோடு கட்டிப்போடுங்கள். ஒவ்வொரு சிக்னலைக் கடந்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு வேகப் பலகையிலும் ஒரு தடவை, மேம்பாலத்தின் உச்சியில் ஒரு தடவை. ‘அடிக்கடி பார்க்க வேண்டும்’ என்று முடிவுசெய்தால் மறந்துபோகும். இடத்தோடு கட்டினால் மறக்காது. கியர் உள்ள வண்டியில் இன்னொரு உபாயம்: 40 வரம்புள்ள தெருவில் நான்காவது கியருக்குப் போகாமல் மூன்றிலேயே இருங்கள். வேகம் ஏறினால் இன்ஜின் கத்தும்; அதுவே எச்சரிக்கை. வண்டியில் வேக வரம்புக் கருவி இருந்தால் நகரத்துக்குள் அதைப் போட்டுவிடுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் வேறு, இது வேறு. க்ரூஸ் வேகத்தைத் தக்கவைக்கும், கால் பெடலிலிருந்து விலகிவிடும். அது நகரத்துக்கு ஆகாது. வரம்புக் கருவி, குறித்த எண்ணுக்கு மேல் போக விடாது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

‘மீட்டர் எப்படியும் கூடக் காட்டும், அதனால் 5 அதிகம் போகலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது, கூடுதலாகக் காட்டலாம் என்பது சரிதான். ஆனால் பெரிய டயர் மாற்றிய வண்டியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: ஒரு சுற்றுக்குச் சக்கரம் கூடுதல் தூரம் உருளும், மீட்டருக்கு அது தெரியாது.

ஐந்தாம் படி: பார்க்க முடியாததை வைத்து வேகத்தைத் தீர்மானியுங்கள்

பலகையில் இருக்கும் எண் உச்சவரம்பு. அதற்குக் கீழே எந்த வேகம் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். விதி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் காலி இடத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். 20 மீட்டர்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால் 40-க்கு மேல் போகக் கூடாது. 13 மீட்டர் என்றால் 30.

வரிசையாக வண்டிகள் நிறுத்தியிருக்கும் தெருவில் இதை எப்படிச் செய்வது? முதலில், நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகிப் போங்கள். கதவு திறந்தால் அந்த அளவு வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் இல்லாத இடத்துக்கு ஈடாக வேகத்தைக் குறைத்து 20, 25-க்கு வந்துவிடுங்கள். நிற்கும் கார்களுக்கு அடியில் தெரியும் கால்களைப் பாருங்கள். உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பிய முன்சக்கரம், இண்டிகேட்டர் போடுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடும்.

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தைக் கடப்பது தனிப்பாடம். பேருந்தின் மூக்குக்கு முன்னாலிருந்து வெளிப்படுபவருக்கு நீங்கள் வருவது தெரியாது, உங்களுக்கு அவர் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். இறங்கிய பயணிகளில் ஒருவராவது குறுக்கே வருவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் பின்பக்கத்தை நெருங்கும்போதே 20-க்கு வந்து, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் ‘காலைத் தயாராக வைப்பது’ சின்ன விஷயம் அல்ல. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் நகர ஏறக்குறைய கால் விநாடி ஆகும். 50-இல் அது மூன்றரை மீட்டர், அதாவது ஒரு சின்ன காரின் நீளம். மிதிக்க வேண்டாம், பெடலுக்கு மேல் வைத்தால் போதும். மிதித்தபடியே போனால் பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கு மதிப்பில்லாமல் போய்விடும். நிஜமாக நிறுத்தும்போது பின்னால் வருகிறவர் நம்ப மாட்டார்.

திருப்பங்களில் முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு ஆளையே மறைத்துவிடும், சில கோணங்களில் ஒரு மோட்டார் சைக்கிளையே மறைக்கும். நீங்கள் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் பொருந்திவிட்டால் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே வருவார். தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆறாம் படி: சிக்னல்

நகரத்தில் வேகமாகப் போவதால் என்ன லாபம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு சிக்னலுக்கு நடுவில் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் வேகமெடுத்து, வழக்கமான முறையில் நிறுத்தினால், உச்சத்தில் 50 தொட்டவருக்கு சுமார் 36 விநாடி ஆகும். 60 தொட்டவருக்கு 32. 70 தொட்டவருக்கு 30. அதாவது வரம்பை 20 மீறியவர் சம்பாதித்தது ஆறு விநாடிதான். அதையும் அடுத்த சிவப்பில் நின்று செலவழிப்பார். உங்களைச் சர்ரென்று முந்திப்போன வண்டியின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த சிக்னலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வண்டி முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

பெரிய சாலைகளில் சிக்னல்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்தால் தொடர்ந்து பச்சை கிடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்த வேகம் சாலையின் வரம்பை ஒட்டியே இருக்கும். அதைவிட வேகமாக வருகிறவருக்கு ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே இருக்கும், ‘என் நேரம் சரியில்லை’ என்பார்.

இனி மஞ்சள். 50 வரம்புள்ள சாலையில் மஞ்சள் விளக்கு பெரும்பாலும் 3 விநாடி எரியும். 50-இல் வரும்போது, சடன் பிரேக் இல்லாமல் இயல்பாக நிறுத்த 46 மீட்டர் வேண்டும். 3 விநாடியில் கடக்கும் தூரம் 42 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டி வருவதால் முடிவெடுப்பது சுலபம்: தூரத்தில் இருந்தால் நில், பக்கத்தில் வந்துவிட்டால் போ. இதையே 70-இல் பாருங்கள். இயல்பாக நிறுத்த 82 மீட்டர் வேண்டும். 3 விநாடியில் கடப்பது 58 மீட்டர்தான். கோட்டிலிருந்து 58-க்கும் 82-க்கும் நடுவில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் தாண்டவும் முடியாது. இரண்டுங்கெட்டான் தூரம். அதில் மாட்டியவர் ஒன்று ஓங்கி மிதித்துப் பின்னால் வருகிறவரிடம் இடி வாங்குவார், இல்லையென்றால் சிவப்பில் சந்திப்புக்குள் புகுவார். தப்பான முடிவு எடுத்தார் என்று அவரைச் சொல்வதில் பயனில்லை. 70-இல் வந்தபோதே சரியான முடிவு இல்லாமல் போய்விட்டது.

பழகிக்கொள்ள வேண்டிய முறை: தூரத்தில் பச்சை தெரிந்தவுடன், அது எப்போது விழுந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். கண்முன்னால் மாறியிருந்தால் அது புதுப் பச்சை. நீங்கள் பார்க்கும்போதே பச்சையாக இருந்தால் பழசு, எந்தக் கணமும் மாறலாம். பழைய பச்சையை நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு, கண்ணாடியில் பின்னால் இருப்பவரின் இடைவெளியைப் பார்த்து, ‘இந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் போய்விடுவேன், அதற்கு முன் மாறினால் நிற்பேன்’ என்று ஓர் அடையாளத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். விநாடி எண்ணும் சிக்னலில் 5, 4 என்று குறைவதைப் பார்த்து முறுக்குவது கூடவே கூடாது. எதிர்ப் பக்கத்திலும் யாரோ அதே எண்களைப் பார்த்து முன்கூட்டியே கிளம்பிக்கொண்டிருப்பார்.

வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தால், பச்சை விழுந்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

ஏழாம் படி: திருப்பமும் வேகத்தடையும்

திருப்பத்தில் வண்டியை வெளியே தள்ளும் விசையும் வேகத்தின் வர்க்கம்தான். ஒரு சாதாரணத் தெருமுனையில் 20-இல் திரும்பும்போது டயர் தாங்க வேண்டியது வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதே முனையில் 40 என்றால் நான்கு மடங்கு. ஈரச் சாலையில் டயரால் அது முடியாது. அதனால் வரிசை இதுதான்: நேராக இருக்கும்போதே கண்ணாடி, இண்டிகேட்டர், பிரேக், இரண்டாவது கியர். 15, 20-க்கு வந்த பிறகே ஸ்டீயரிங். திருப்பத்தின் நடுவில் ‘அடடா, வேகம் அதிகம்’ என்று பிரேக்கை ஓங்கி மிதித்தால், திரும்புவதற்குச் செலவாக வேண்டிய டயர் பிடிப்பு நிற்பதற்குச் செலவாகி, வண்டி வெளிப்பக்கமாக நழுவும்.

வேகத்தடைக்கும் இதே ஒழுங்கு. முன்கூட்டியே பிரேக் பிடித்து 15-க்கு வந்து, முன்சக்கரம் ஏறும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் வண்டியின் மூக்கு ஏற்கெனவே தாழ்ந்து, ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். அடியைத் தாங்க அதில் மிச்சமிருக்காது. ‘டம்’ என்று அடி தட்டுவதற்குப் பாதி காரணம் இதுதான். இரண்டு வேகத்தடைகளுக்கு நடுவில் சீறிப்பாய்ந்து மறுபடி பிரேக் போடுவதால் எரிபொருளும் பிரேக் பேடும்தான் தீரும்.

எட்டாம் படி: முன்னாலும் பின்னாலும்

முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். மழையிலும் இரவிலும் இரண்டை மூன்று, நான்காக்குங்கள்.

‘இடைவெளி விட்டால் எவனாவது புகுந்துவிடுகிறான்’ என்பது எல்லோரும் சொல்லும் குறை. புகுவார்கள்தான். ஒருவர் புகுந்தால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு விநாடி. வழியெல்லாம் பத்துப் பேர் புகுந்தாலும் இருபது விநாடி. ரோஷப்பட்டு இடைவெளியை அடைக்கத் தொடங்கும்போதுதான் வேகம் உங்கள் கையை விட்டுப் போகும்.

பின்னால் ஒருவர் முட்டுகிற மாதிரி ஒட்டி வந்து விளக்கை அடித்தால் புதியவர்கள் பயந்து வேகமெடுத்துவிடுவார்கள். அவரும் எடுப்பார், இப்போது இருவரும் வேகமாக, அதே நெருக்கத்தில். செய்ய வேண்டியது எதிர்மாறு: உங்கள் முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். அப்போது உங்களுக்கு சடன் பிரேக் தேவைப்படாது, அவரும் உங்கள் மேல் மோத வேண்டிவராது. இடம் கிடைத்ததும் ஓரம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். பழிவாங்க பிரேக்கைத் தட்டிக் காட்டாதீர்கள்.

இருசக்கர வண்டிக்கு

நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம் இருக்கிறது, ஏனென்றால் நிற்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. ‘முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்’ என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவரின் நிற்கும் தூரம் மிக நீண்டுவிடும், பின்சக்கரமும் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், பஞ்சைப் பிழிவது போல முதலில் மெதுவாக, பிறகு பலமாக. வண்டி நேராக இருக்கும்போது மட்டும். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடுங்கினால் கீழேதான்.

சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, சாக்கடை மூடியின் இரும்பு, சிந்திய டீசல், ஓரத்து மணல் ஆகிய நான்கின் மேலும் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். கார் வரிசைகளுக்கு நடுவில் புகுந்து போகும்போது, பக்கத்து வண்டிகள் நின்றிருந்தால் உங்கள் வேகம் ஓடும் ஆளின் வேகத்தைத் தாண்டக் கூடாது. எந்தக் கதவும் திறக்கலாம், எந்த இரண்டு பம்பர்களுக்கு நடுவிலிருந்தும் ஆள் வரலாம்.

மழை, இரவு

மழையில் மிக வழுக்கும் நேரம் கொட்டித் தீர்க்கும்போது அல்ல, தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில். சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் தண்ணீரோடு கலந்து குழம்பாக நிற்கும். நன்றாகப் பெய்த பிறகுதான் கழுவிப்போகும். ஈரத்தில் 50-இல் நிற்க 28 மீட்டர் போதாது, 35 வரை போகும். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் புகுந்தால் டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடுவதுதான் அடையாளம். அப்போது பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை விட்டு, நேராகப் பிடித்து, டயர் மறுபடி பிடிக்கும்வரை காத்திருங்கள்.

இரவில் டிம் விளக்கு தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 40, 50 மீட்டர். கறுப்பு உடையில் நடப்பவர் அதற்கும் மிகப் பக்கத்தில் வந்த பிறகே தெரிவார். சாலை காலியாக இருக்கிறதே என்று நள்ளிரவில் 70-இல் போகிறவர், விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறார். மழையும் சேர்ந்தால் 60-க்கே அந்த நிலைமை.

வேகம் கூடிவிட்டதைப் பாதியில் கவனித்தால்

முள்ளைப் பார்க்கிறீர்கள், 68. அல்லது முன்னால் கேமரா கம்பம் தெரிகிறது. உடனே பிரேக்கில் பாய வேண்டாம். கேமராவுக்கு முன்னால் நடக்கும் பின்மோதல்கள் இப்படித்தான் வருகின்றன. சில சாலைகளில் இரண்டு கேமராக்களுக்கு நடுவில் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரியைக் கணக்கிடுவார்கள், அங்கே கம்பத்தடியில் மட்டும் குறைத்துப் பயனும் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நடுக் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் இடமிருந்தால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு லேசாக ஒருமுறை தொட்டு, பிறகு சீராக அழுத்துங்கள். 50-க்கு வந்ததும் ஒரு கியர் குறைத்து, அந்தத் தெரு முடியும்வரை அதே கியரில் இருங்கள்.